ஒரு விரல் இடைவெளி

கராஜில் கார் உறுமிய நேரத்தில் அவள் கணவரின் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி பட்டனின் துளையைத் தவறவிட்டு விரலுக்குள் இறங்கியது.

கணவர் முன்னறையில் பெட்டிக்குள் படுத்திருந்தார், கோட்டுக்காக. போன குளிர்காலத்திலேயே கழன்ற பட்டன் அது. குடுங்க, தைச்சுத் தரேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் "அப்புறம் தரேன்" என்றார். தெருவில் அவருக்கு 'அப்புறம்' என்றே பேர் வைத்திருந்தார்கள். தண்ணீர் மீட்டர் அளவெடுக்கிற வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு ஒழுகினாலும் குறித்துக்கொண்டு வந்தவர், சொந்தக் குளியலறைக் குழாய் ஒழுகுவதை ஆறு வருடமாக அப்புறம் பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் வழியாக எஞ்சின் சத்தம் தையல் அறைக்குள் வந்தது. சீரான, கொஞ்சம் இருமுகிற சத்தம். நேற்று மதியம் முழுக்க இதே சத்தத்துக்குப் பக்கத்தில்தான் அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா வண்டிய எடுத்தது?" என்று குரல் கொடுத்தாள். குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

கொழுந்தனாரின் மனைவி கையில் ஆறு காபித் தம்ளர்களோடு எட்டிப் பார்த்தாள். "அவர்தான்கா. வீட்ல உக்கார இடமில்ல, பிள்ளைங்க குளிருது குளிருதுன்னு ஒரே நச்சு. கார்ல ஹீட்டரப் போட்டு உள்ள உக்கார வச்சிருக்காரு. கதகதன்னு இருக்காம். இந்தக் காபிய அந்தப் பெட்டிக்காரங்களுக்குக் குடுக்கவா?"

கோட்டு அவள் மடியிலிருந்து நழுவியது. அதை மிதித்துக்கொண்டு ஓடினாள். கணவன் செத்த வீட்டில் ஓடுகிற பெண்ணைப் பார்த்து முன்னறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். துக்கம் தாங்காமல் ஓடுகிறாள் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கினாள்.

கராஜின் ஷட்டர் ஒரு முழம்தான் தூக்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள். வெண்ணெய் நிறத்தில், முட்டையைப் படுக்கவைத்த மாதிரி அந்தக் கார் நடுங்கிக்கொண்டு நின்றது. கண்ணாடிகள் முழுக்க ஏறியிருந்தன. உள்பக்கம் ஆவி படர்ந்து, கொழுந்தனாரின் பெரிய மகள் அதில் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள். சின்னவள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

அவள் கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. புதுத் துணி, பசை, சூடான தகரம் எல்லாம் கலந்த வாசனை. சின்னவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தேவைக்கு மேலேயே உலுக்கினாள்.

"தூங்கலயே," என்றாள் சின்னவள், கண்ணைத் திறக்காமல். "தலைதான் வலிக்குது, பெரியம்மா."

இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்து ஷட்டருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். முன் சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனார் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"என்ன அண்ணி?"

"பசை வாசன, தம்பி. போன வாரம்தான் தரையெல்லாம் ஒட்டுனது. குழந்தைங்களுக்கு ஆகாது. பாருங்க, தல வலிக்குதுங்குறா."

பொய் இல்லை. போன வாரம் ஒட்டியதும் உண்மை, பசையில் தலை வலிக்கும் என்பதும் உண்மை. அந்த வசதிக்காகத்தான் மனிதர்கள் இப்படிப்பட்ட உண்மைகளைக் கைவசம் வைத்துக்கொள்கிறார்கள்.

"அட, ஆமால்ல," என்றார் கொழுந்தனார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், குழந்தைகளின் வாந்தி மயக்கமெல்லாம் அவருக்குப் பழக்கம். "கொஞ்சம் காத்தாட விட்டாச் சரியாப் போயிடும். ஆனா அண்ணி, என்ன சூடு பாத்தீங்களா? பத்தே நிமிஷம். அண்ணன் சாதிச்சிட்டாரு." அவர் குரல் கம்மியது. பேச்சை மாற்றுகிறவர் போலப் பயணி பக்கத்துக் கதவைத் தட்டினார். "இந்தக் கண்ணாடி ஏறவே ஏறாதே. போன மாசம் நான் வந்தப்போகூட ஒரு விரல் தொறந்துதானே நின்னுச்சு? இப்ப நான் சுத்துனதும் வழுக்கிட்டு மேல போயிடுச்சு. எப்ப சரி பண்ணாரு?"

"தெரியல, தம்பி."

"கடைசில எல்லாத்தயும் முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு," என்றார். "இதுலதான் இன்னைக்குப் பெட்டி வண்டிக்குப் பின்னால போறோம். ஹீட்டர் ரெடியானா மொத சவாரி உன் பொண்ணுங்களுக்குத்தான்டான்னு சொல்லிட்டே இருந்தாரு. அது நடக்கணும்."

குத்துப்பட்ட விரலை அவள் வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். ஹீட்டர் என்று தனியாக ஒன்றும் அதில் கிடையாது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கும். கூட்டுக்குள் நுழைகிற காற்று அந்தக் குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு, அடியில் ஓடிவந்து காலடியில் வெளிப்படும். செலவில்லாத ஏற்பாடு. புகைக்குழாய் எங்காவது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சூட்டோடு புகையும் உள்ளே வரும், அவ்வளவுதான். கண் எரிகிற கறுப்புப் புகை என்றால்கூட ஆள் சுதாரித்துக்கொள்ளலாம். இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

இதையெல்லாம் அவள் தெரிந்துகொண்டது அவர் வாயாலேதான். ஒருநாள் சாயங்காலம் அவள் மெஷினில் சீட் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, காரோடு வந்த பழைய கையேட்டை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"குழாய வருஷத்துக்கு ஒருக்கா கழட்டிப் பாக்கணுமாம்."

"பாருங்களேன்."

"அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் அந்தக் கண்ணாடி ஒரு விரல் தொறந்தே கெடக்கட்டும். நான் வேணும்னேதான் அப்படி விட்டிருக்கேன்."

"ஆமா. பாத்ரூம் கொழாய் ஒழுகுறதும் வேணும்னேதான்," என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். அவர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

ஏழு வருடம் அந்தக் கார் கராஜில் கிடந்தது. எஞ்சினும் இரும்பும் அவர் பங்கு. உட்புறம் அவள் பங்கு. அக்கம்பக்கத்துக்குத் திரையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறவள், அதனால் அவள் தையல் நேராக இருக்கும், அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. பழுப்புக் கம்பளித் துணியில் சீட், ஓரத்தில் கறுப்புப் பைப்பிங், கதவுப் பலகைக்கு அதே துணி, கூரைக்கு வெள்ளை. முன் இரண்டு சீட்டுக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. பைப்பிங் ஒரு நூல் கோணினாலும் பிரித்தாள். "யாருடி பாக்கப் போறா?" என்று அவர் கேட்டால், "நான் பாப்பேன்" என்பாள்.

போன வாரம் காரை வாசலில் நிறுத்திக் கழுவும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த ஒரு விரல் சந்து வழியாகச் சாரல் புகுந்து பயணி சீட்டை நனைத்தது. காய்ந்த பிறகு கம்பளியில் ஒரு கறை, தேசப்படம் போல. அவள் அன்று சாப்பிடவில்லை. அவர் பார்த்தார், உச்சுக் கொட்டினார், "அப்புறம் ஏதாவது பண்ணலாம்" என்றார்.

அவள் அப்புறத்துக்குக் காத்திருக்கவில்லை. நேற்று மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டபோது, அந்தக் கதவின் பலகையைக் கழற்றினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணாடி ஓடுகிற தடத்தில் ஒரு மரக்கட்டை மாட்டியிருந்தது. தீப்பெட்டி அகலம், ஒரு விரல் கனம். கராஜ் முழுக்க அவர் போட்ட கட்டையும் ஆணியும்தான். இதுவும் எப்போதோ தவறி விழுந்ததாக இருக்கும் என்று நினைத்தாள். குறடால் பிடித்து இழுத்தாள். கைப்பிடியைச் சுற்றியதும் கண்ணாடி மேலே போய் ரப்பரில் பொருந்தி நின்றது. ஏழு வருடம் ஒரு ஆம்பளை அப்புறம் அப்புறம் என்ற வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அவரிடம் சொல்லவில்லை. அவரே பார்த்துத் திகைக்கட்டும், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எதையும் எறியத் தெரியாதவள், கட்டையைத் தையல் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

தூங்கி எழுந்து வந்தவர், "ஹீட்டர இன்னைக்கு நல்லா ஓட விட்டுப் பாக்குறேன்" என்று போனார். காற்று அடித்ததால் ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கரகரவென்று அது இறங்கிய சத்தமும் அவள் காதில் விழுந்தது. அவள் கராஜுக்கு இந்தப் பக்கம் கூரைத் துணிக்கு ஓரம் அடித்தபடி, இப்போது கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவார் என்று தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குக் காபி ஆறுகிறதே என்று அவளே போனாள். பக்கத்துக் கதவு வழியாக. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தொட்டாள். சூடாக இருந்தார். அந்தச் சூடு அவருடையதா காருடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே விரல் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்தவற்றின் வரிசைதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் சாவியைத் திருப்பினாள். அடுத்து, சுற்றிவந்து, பயணி பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள். பிறகு ஷட்டரைத் தூக்கினாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

மூன்று வீடு தள்ளி இருக்கிற டாக்டர் வந்தார். இரண்டு வருடமாக அவள் கணவருக்கு இதயத்துக்கு மாத்திரை கொடுத்துவந்தவர். ஷட்டர் தூக்கிய கராஜில் நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"வண்டி ஓடிட்டு இருந்துச்சாம்மா?"

"இல்ல டாக்டர். நின்னுதான் இருந்துச்சு."

டாக்டர் இதயம் என்று எழுதினார். இதயம் என்று எழுதினால் மறுகேள்வி கிடையாது. எல்லோருக்கும் ஒன்று இருக்கிறதே.

இரவெல்லாம் அவள் தையல் பெட்டியைத் திறக்கவில்லை. விடிந்து, கோட்டுப் பட்டனுக்கு நூல் எடுக்கத் திறந்தபோதுதான் அந்தக் கட்டையை வெளிச்சத்தில் பார்த்தாள். தவறி விழுந்த கட்டை இல்லை அது. நான்கு ஓரமும் உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று இருந்தது. மேலே பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், மீட்டர் எண்ணை எழுதி முடித்ததும் அவர் போடுகிற அதே சரி அடையாளம், வால் நீண்டது. ஏழு வருடத்தில் அவர் முழுதாக முடித்து டிக் போட்ட ஒரே வேலை.

அவள் அதைக் கோட்டின் உள்பைக்குள் போட்டாள். பையின் வாயைப் பொடித் தையலில் மூடினாள். அவரோடு போகட்டும். பட்டனுக்கு வந்தபோதுதான் கார் உறுமியது.

இப்போது கோட்டைத் தரையிலிருந்து எடுத்து உதறி, மிச்சத்தைத் தைத்து முடித்து, முன்னறைக்குக் கொண்டுபோனாள்.

பெட்டியைச் சுற்றிக் கூட்டம். "என்ன களை பாரேன்," என்றாள் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருத்தி. "உதடெல்லாம் செவந்து, நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி. செத்த முகமாவா இருக்கு?"

"நகத்தப் பாருங்க, ரோஸா இருக்கு," என்றாள் இன்னொருத்தி. "புண்ணியவான்."

அந்தப் புகையில் செத்தவர்கள்தான் அப்படிச் சிவந்து கிடப்பார்கள்; ஒவ்வொரு பாராட்டும் அவள் முதுகில் ஐஸ் தண்ணியாக இறங்கியது. டாக்டர் ஒரு மூலையில் காபி குடித்துக்கொண்டு நின்றார். அவர் காதில் இது விழக் கூடாதே என்று அவள் டாக்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றாள். டாக்டர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். அதனால் பெட்டி அவருக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ கூப்பிடப் போய்விட்டார்.

அப்போதுதான் ஜன்னலக்கா வந்தாள். எதிர்வீடு. பேருக்கு ஏற்றபடி நாளின் பெரும்பகுதி ஜன்னலில்தான் வாசம். தெருவில் யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு யார் வந்தார்கள் என்பதை வந்தவர்களே மறந்தாலும் அவளிடம் கேட்டுக்கொள்ளலாம். அவள் வந்து தோளைக் கட்டிக்கொண்டாள். காதோடு பேசினாள்.

"நேத்து மதியத்துலேர்ந்து வண்டிச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, கண்ணு. என்னடா இது, இன்னைக்கு இந்த மனுஷன் ஒரு வேலைய விடாமப் பண்றாரேன்னு நெனச்சேன். அஞ்சு மணிக்கு நின்னுச்சு."

அவள் கையிலிருந்த கோட்டை மறுபடி மடித்தாள்.

"நின்னதும் நீ கத்தல. கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம்தான் ஷட்டரு தூக்குச்சு. அப்புறம்தான் கத்துன." ஜன்னலக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கை கால் ஓடியிருக்காது பாவம்."

தடவுகிற கை நிற்கவில்லை. அது ஆறுதலா, தேடுகிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஜன்னலக்காவுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

கொழுந்தனார் கோட்டை வாங்கிக்கொண்டார். பெட்டிக்காரர்களும் அவருமாக அண்ணனைத் தூக்கிப் பிடித்துக் கையை நுழைத்தார்கள். நெஞ்சுப் பக்கம் சரிசெய்யும்போது அவர் கை நின்றது.

"இது என்ன அண்ணி, கல்லாட்டம்?"

உள்பையைத் திருப்பினார். "பைய மூடித் தச்சிருக்கு?"

"விடுங்க தம்பி. அவரு சாமான். அவரோடவே இருக்கட்டும்னு..."

ஆனால் நகத்தால் நூலைப் பிய்க்கிற அளவுக்கு அவர் ஆர்வக்காரர். கட்டை வெளியே வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சில் அடையாளத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"அண்ணனோட டிக்கு," என்றார். "ஸ்கூல்ல என் கணக்கு நோட்டுக்கு இதே மாதிரிதான் போட்டுக் குடுப்பாரு, வாத்தியாருக்கு முன்னாடி. அண்ணி, நான் வச்சுக்கட்டுமா இத? ஞாபகத்துக்கு."

அவள் தலையாட்டினாள். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதிரே நின்ற ஜன்னலக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி வண்டியில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காரில் போவதைத் தடுக்க அவள் மூன்று வழி பார்த்தாள். "பெட்ரோல் இல்லாம இருக்கும் தம்பி" என்றாள், காலையிலேயே ஊற்றியாகிவிட்டது. "பிரேக் எப்படியோ, ரொம்ப நாள் ஓடாத வண்டி" என்றாள்; தெருமுனை வரை போய்வந்து பார்த்தாகிவிட்டது. "குழந்தைங்க எதுக்கு இடுகாட்டுக்கு, வீட்ல இருக்கட்டுமே" என்றாள். பெரியவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பெரியப்பா தனக்குத்தான் முதல் சவாரி என்று சொன்னார் என்றாள். நனைந்த தெருவில் நின்ற அத்தனை பேரும், பாவம் அந்தக் குழந்தையை அழவிடுகிறாளே என்று அவளைப் பார்த்தார்கள்.

கொழுந்தனாரின் மனைவி வீடு கழுவ நின்றுகொண்டாள். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஏறினார்கள். அவர்களுக்கு நடுவில், யாரும் கூப்பிடாமலேயே, தன் பெரிய சால்வையோடு ஜன்னலக்கா ஏறினாள். "குழந்தைங்களப் பாத்துக்க ஒரு ஆள் வேணாமா?" முன்னால் பயணி சீட்டில், கறையின் மேல், அவள் உட்கார்ந்தாள்.

அது இரண்டு கதவுக் கார். பின்னால் கண்ணாடி திறக்காது. கொழுந்தனார் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து அதையும் முழுக்க ஏற்றினார். "சாரல் அடிக்குது, உங்க சீட்டு நனைஞ்சிடும் அண்ணி." பிறகு கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரை மேலே தூக்கினார். கொஞ்ச நேரத்தில் காலடியில் மெல்லச் சூடு பரவியது. யாரோ குனிந்து மூச்சு விடுகிற மாதிரி.

முன்னால் பெட்டி வண்டி மெதுவாக ஊர்ந்தது. இடுகாடு ஊருக்கு வெளியே. இந்த வேகத்தில் முக்கால் மணி நேரம்.

அவள் கைப்பிடியின் மேல் கையை வைத்தாள். கொஞ்சம் இறக்கினாள்.

"நனையுது பாருங்க," என்று கொழுந்தனார் சாய்ந்து திரும்ப ஏற்றினார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற புத்தி.

பால் பூத் தாண்டியது. மருந்துக் கடை தாண்டியது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெரியவள் வேடிக்கை பார்த்தாள். சின்னவள் ஜன்னலக்காவின் சால்வைக்குள் புகுந்திருந்தாள். புகுந்த தலை மெல்லச் சாய்ந்தது.

"பாப்பா," என்றாள் அவள். "பாப்பா, தூங்காத."

"தூங்கட்டும் விடும்மா, காலையிலயே எந்திரிச்சது," என்றாள் ஜன்னலக்கா. கொட்டாவி விட்டாள். "எனக்கே கண்ணச் சொக்குது. நல்ல சூடு."

"தம்பி, ஹீட்டர நிறுத்துங்க."

"ஏன் அண்ணி? குளிர்ல நடுங்குறீங்களே."

உண்மைதான், நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"புகைக்குழாய்ல ஓட்ட இருக்கு," என்றாள். நேராக முன் கண்ணாடி வழியே பெட்டி வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புகை உள்ள வருது. வாசம் தெரியாது."

முன் கண்ணாடியில் துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது.

"அண்ணன் பாக்கலயா அத?"

"அப்புறம் பாக்கலாம்னாரு."

வாகனத்தோடு பிழைக்கிற மனிதருக்கு மேற்கொண்டு விளக்க எதுவும் இல்லை. அவர் பார்வை பாதையிலிருந்து அவள் பக்கத்துக் கண்ணாடிக்குப் போனது. ரப்பரில் இறுக்கமாகப் பொருந்தி நின்ற அதன் மேல்விளிம்பில் சிறிது நேரம் நின்றது. அவர் இடது கை ஸ்டியரிங்கை விட்டுச் சட்டைப் பைக்குப் போனது. பைக்கு மேலேயே, துணியோடு சேர்த்து, கட்டையின் கனத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தது.

அவள் காத்திருந்தாள். கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கக் கூடாது. கேட்டால் செத்துவிடுவாள்.

கை பையிலிருந்து இறங்கி லீவரைக் கீழே அழுத்தியது. பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

"உங்க பக்கமும், அண்ணி."

அவள் சுற்றினாள். நன்றாகத்தான் இறங்கியது, ஒரு தடங்கலும் இல்லாமல். மழை உள்ளே வந்தது.

"பெரியம்மா, குளிருது," என்றாள் பெரியவள்.

பின் சீட்டில் சால்வை அசைகிற சத்தம் கேட்டது. ஜன்னலக்கா சின்னவளை எழுப்பி, இருவரையும் முன் சீட்டுகளுக்கு நடுவே காற்று படுகிற இடத்துக்கு நகர்த்தி, மேலே சால்வையைப் போர்த்தினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளைத் தெரிந்த யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இடுகாட்டில் குடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பெட்டி இறங்கியது. மண் ஈரமாக இருந்ததால் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அவளுக்குப் பின்னால் அந்த அலுவலகக்காரி ஜன்னலக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்குங்க நடந்துச்சு? நீங்க எதுத்த வீடுதானே, உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். வண்டிய ஓட்டிப் பாத்துட்டு இருந்தாராமே?"

அவள் திரும்பவில்லை. குடைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு என்னத்தம்மா தெரியும்," என்றாள் ஜன்னலக்கா. "நேத்து மதியம் சாப்பிட்டுப் படுத்தவதான், அடிச்சுப் போட்டாப்புல தூங்கிட்டேன். கத்துன சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சேன்."

இருபது வருடத்தில் ஜன்னலக்கா பகலில் கண் அசந்ததாக ஒரு தகவலும் இல்லை.

டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்தார். "ஒண்ணும் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரும்மா," என்றார். கையை விடுவதற்கு முன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்துவிட்டுக்கொண்டு போனார். அவர் கார் போய் மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக்கும் அவர் மூன்று வீடு தள்ளித்தான் இருப்பார்.

கூட்டம் கலைந்தது. பிள்ளைகளும் ஜன்னலக்காவும் பின்னால் ஏறியிருந்தார்கள். கொழுந்தனார் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார். அது மேலே வந்தது, பாதி தாண்டியது, கிட்டத்தட்ட முழுக்க வந்தது. நிறுத்தினார்.

சட்டைப் பையிலிருந்து கட்டையை எடுத்தார். கண்ணாடியின் விளிம்புக்கும் மேல் ரப்பருக்கும் நடுவில், டிக் உள்பக்கம் இருக்கும்படி நுழைத்தார். விரலால் ஒருமுறை தட்டினார். கட்டை விழவில்லை, ஆடவில்லை.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவளை அவர் பார்க்கவில்லை.

"ஏறுங்க, அண்ணி," என்றார்.

சீட் முழுக்க நனைந்து, பழைய கறை இருந்த இடமே தெரியவில்லை. அவள் அதைத் துடைக்காமல் உட்கார்ந்தாள்.